அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும்

நைனா,

நீ திங்கட்கிழமை ஓசூருக்குப் பஸ் ஏறப் போகிறாய் என்பதை என்னிடம் நீயாகச் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த நாலு சட்டையையும் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாய். "எங்க நைனா கிளம்பிட்ட?" என்று கேட்டேன். "ஓசூரு. கம்பெனி வேலை. ஆஸ்டலு குட்க்கிறாங்க" என்றாய். "திரும்பி எப்ப வருவ?" என்றதற்கு இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாய். கொஞ்ச நேரம் கழித்து, நான் அடுப்படிக்குப் போய்விட்டேன் என்று நினைத்தாயோ என்னவோ, சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "அங்க என்ன யாருக்கும் தெரியாது. அதுக்குதான் போறேன்." நான் வாசல்படியிலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் பேச ஆரம்பித்தால் நீ எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். பேசுகிற மாதிரியே எழுதினால் எனக்கே திரும்பப் படிக்க வரவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதின மாதிரி எழுதுகிறேன், வாயால் பேசினதை மட்டும் பேசினபடியே போடுகிறேன். இதை உன் பையில் சட்டைகளுக்கு அடியில் வைப்பேன். நீ படிக்காமலே கிழித்துப் போடலாம். போட்டாலும் எழுதின வரைக்கும் எழுதியதுதான்.

நீ டிப்ளமா முடித்து எண்ணூர் பக்கம் அந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த வருஷம், உன் அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசுவார். இருபது வருஷமாக லாரியில் கம்பியும் தகடும் ஏற்றி இறக்கிய மனுஷர், தன் பிள்ளை அதே இரும்பை மிஷினில் வைத்து அளந்து பார்க்கிற வேலைக்குப் போகிறான் என்று சொல்லும்போது தோள் இரண்டும் தானாக நிமிரும். ஒரு வருஷம் முடிந்ததும் உன்னோடு சேர்ந்த அத்தனை பேரையும் ஒரே நாளில் போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீ ஷாம்பு போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, வெயிலில் வைத்தாய். "திருப்பித் தர்றதுக்கு எதுக்குடா இவ்ளோ சோக்கு?" என்று உன் அக்கா தேவி கேட்டாள். "அடுத்து வர்றவனுக்கு நாறக் கூடாதுல்ல" என்றாய். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ எப்போது சிரித்தாய் என்று யோசித்துப் பார்த்தால் நடுவில் நாலைந்து மாதம் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

அந்த மாதங்களில் நீ காலையில் எழுந்து திருவொற்றியூர் கடற்கரையில் கொட்டி வைத்திருக்கிற கருங்கல் மேல் போய் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் வருவாய். போட்ட சோறு தட்டிலேயே காயும். குளிக்கச் சொன்னால் கோபம். உன்னோடு வேலை போன பையன்களில் ஒருத்தன் ஷேர் ஆட்டோ ஓட்டினான், ஒருத்தன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற வேலைக்குப் போனான். "அவுங்கல்லாம் இல்லியா, நீ மட்டும் இன்னா சீமையில பொறந்தவனா?" என்று நான் கேட்டேன். ஒரு நாள் இல்லை, தினமும் கேட்டேன். உன்னைக் கிளப்பிவிடத்தான் அப்படிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வர நேரமானால் அந்தக் கல் மேட்டுக்கு நானே ஓடி வருவேன். எதை நினைத்துப் பயந்து ஓடினேன் என்பதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பயம் மட்டும் இருந்தது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற புத்தி இல்லை.

புத்தி இல்லை என்று சொல்வதும் பொய். நான் துப்புரவு வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் முதல் மாடிக் கோடியில் ஒரு அறை இருக்கிறது. மனநல ஆலோசனை என்று போர்டு. வாரத்தில் மூன்று நாள் ஒரு மேடம் வந்து உட்காருவார்கள். வாசலில் பெஞ்சு போட்டிருக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெஞ்சுக்குக் கீழே துடைக்கிறவள் நான். யார் யார் வந்து உட்காருவார்கள் தெரியுமா? காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிற பெண், கல்யாணமாகி மூன்று மாதத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள், துபாய் வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்த பையன். எல்லாம் உன் வயசு. உள்ளே போகும்போது தரையைப் பார்த்துப் போவார்கள். சில பேர் வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணி எங்க இருக்குது?" என்று கேட்பார்கள். அந்தக் குரலே வேறு மாதிரி இருக்கும். அவர்களுக்கு அங்கே ஏதோ கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் டீ குடிக்கும்போது நாங்கள் நாலு பேர் வேலைக்காரிகள் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவோம். "இன்னிக்கு ஒண்ணு வந்துச்சு பாரு, மூக்கும் முழியுமா இருக்குது, தலதான் கலங்கிப்போச்சு." நானும் சொல்லியிருக்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன். அதனால்தான் நீ வந்தால் உன்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலை மாப்பைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பெஞ்சில் நீ. கையில் ஓபி சீட்டு. எனக்குச் சொல்லாமல், கூப்பிடாமல், நீயாகவே கீழே வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது. அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி மறைவுக்குப் போனேன்.

"இங்க ஏன்டா வந்த? இங்க அல்லாருக்கும் என்னத் தெரியும்."

"யம்மா, எனக்குத் தூக்கமே வர்ல. தலைக்குள்ள எதுனா ஓடிக்கினே கீது. ஒருத்தராண்ட பேசணும்போல கீது. அவ்ளோதான்."

"என்னாண்ட பேசு. பெத்தவகிட்டப் பேசாதத எவளோ ஒருத்திகிட்டப் பேசப் போறியா?"

"உன்னாண்ட பேச முடியலன்னுதான யம்மா இங்க வந்தேன்" என்றாய். குரலில் கோபமே இல்லை. நான் அந்தச் சீட்டை உன் கையிலிருந்து வாங்கி என் புடவை மடிப்பில் செருகிக்கொண்டேன். நீ படியிறங்கிப் போனாய். உன் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவதாக வேறு ஒரு பேரைக் கூப்பிட்டார்கள். நான் விட்ட இடத்திலிருந்து துடைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் உனக்கே தெரியும். கோயிலில் மந்திரத் தகடு எழுதி உன் கையில் கட்டினோம். தண்டையார்பேட்டையில் பாய் ஒருவர் ஓதித் தந்த தண்ணீரைக் குடிக்க வைத்தோம். அவர் பாவம் நல்ல மனுஷர், "ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பாதியை நான் வீட்டில் சொல்லவில்லை. உடம்பு வணங்கி வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உன் அப்பா உன்னைச் சாத்தாங்காட்டுக்கு அழைத்துப் போனார். மூன்றாம் நாள் கிரேனிலிருந்து ஒரு தகடு விழுந்த சத்தத்தில் நீ காதைப் பொத்திக்கொண்டு இரும்புக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வாங்குகிறது, எழுந்திருக்க முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. உன்னை ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்து, என்னிடம், "புள்ளைக்குத் தெம்பு இல்ல, தினம் ரெண்டு முட்டை அவிச்சிக் குடு" என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். தெரிந்தும் செய்யாமல் இருந்தவள் நான்.

பிறகு நீ புதன்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தாய். வேலை தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவாய். ஒரு மாதம் போனதும் வீட்டில் ஏதோ மாறியது. இன்னொரு தோசை கேட்டாய். ஓடாமல் கிடந்த ஃபேனைக் கழற்றி ஓட வைத்தாய். எதிர்வீட்டுப் பையனோடு கேரம் ஆடினாய். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, "யம்மா, உன் கால் வீங்கிக்கினு கீதே, டாக்டராண்ட காட்னியா?" என்று கேட்டாய். அந்த வீக்கம் ஒரு வருஷமாக இருந்தது. அன்றைக்குத்தான் உன் கண்ணில் பட்டது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். கட்டின தகடு வேலை செய்கிறது என்று கோயிலில் போய் விளக்குப் போட்டேன்.

தேவியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முதல் நாள் மத்தியானம் உன் அப்பா ட்யூப் லைட்டைச் சரி செய்ய ஸ்க்ரூடிரைவர் தேடி உன் பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டை விழுந்தது. அந்தச் சமயத்தில் நம் தெருவில் ஒரு பையனை போதை மாத்திரை வழக்கில் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. உன் அப்பா அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீ அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்றாய்.

"இன்னாடா இது?"

"மாத்திரப்பா."

"இன்னா மாத்திரன்னுதான்டா கேக்கறேன்!"

நீ என் பக்கம் திரும்பினாய்.

நைனா, இந்த ஒரு இடத்தை எழுதத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குக் கீழே பெருக்குகிறவள் நான். அந்த அறைக்குப் போய் வருகிறவர்கள் வாங்கிப் போகிற அட்டையைத் தவறி விழுந்தால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நிறம் தெரியும், பேர் தெரியும். நீ ஊரின் அந்தக் கோடியில் என்னை யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு, எனக்காக அவ்வளவு தூரம் போய் வந்துகொண்டிருக்கிறாய் என்பதும், வீட்டில் மாறியது எதனால் என்பதும் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பா என்னைப் பார்த்து, "இன்னாது இது, உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான், "தெரியலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் பையனுக்கு மூளைக் கோளாறு என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். பெண்ணுக்கும் இருக்குமோ என்று நினைப்பார்கள். பையன் கெட்ட சகவாசத்தில் மாத்திரை போட்டான் என்றால், வயசுக் கோளாறு, திருத்திவிடலாம் என்று விட்டுவிடுவார்கள். இதை அந்த நொடியில் நான் யோசித்தேன். உன் அப்பா உன்னை அடிக்க ஆரம்பித்தபோதும் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் அட்டையைத் தெருவுக்கு எடுத்துப் போய், நாலு பேர் பார்க்கச் சாக்கடையில் போட்டார். நீயாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தாயா, இனி யாரிடம் சொல்லி என்ன என்று விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதுக்கும் அந்தச் செய்தி போனது. மாப்பிள்ளையுடைய மாமா சிரித்துக்கொண்டே, "இந்த வயசுல எந்தப் பையன்தான் சுத்தமா கீறான்" என்றார். நான் நினைத்தபடியே நடந்தது. கல்யாணம் நிச்சயமானது.

அடுத்த புதன்கிழமை நீ சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாய். "எங்க, மாத்திர விக்கிறவனாண்டயா?" என்று உன் அப்பா வாசலை மறித்தார். நீ அவர் முகத்தைப் பார்த்தாய், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாய், உள்ளே போய்ப் படுத்துவிட்டாய். திடீரென்று அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தருக்கும் சொல்லி அனுப்புவதைத்தான் காதால் கேட்கிறேனே. உனக்குக் கை நடுங்கியது, தலை சுற்றியது, பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாய். போதை இறங்குகிறது என்று உன் அப்பா நம்பினார். நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். அது முடிந்து மூன்று வருஷம். எத்தனை வேலைக்குப் போனாய், எத்தனையில் இரண்டாம் வாரம் நின்றாய், எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் உன்னைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். போதைக்காரன் என்ற அந்தப் பேரை உனக்கு வைத்தது நான்.

போன மாதம் நான் உன் காலைப் பிடித்து அழுததற்காக, என்னுடைய ஆஸ்பத்திரியின் அந்த அறைக்கு வந்தாய். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நான் பெஞ்சில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற மேடம் சின்னப் பெண். பத்து நிமிஷத்தில் நீ வெளியே வந்துவிட்டாய். "அவர் ஒண்ணும் பேசல. ஆனா வந்தாரே, அது போதும். அடுத்த வாரமும் வரச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று அந்த மேடம் சொன்னார்கள். திரும்பி வருகிற வழியில் நீ, "அப்போ பேசணும்னு இருந்துச்சு யம்மா. இப்போ உள்ள இன்னா கீதுன்னே எனுக்குத் தெரில" என்றாய். அடுத்த வாரம் நீ வரவில்லை. நான் மட்டும் போய் மேடத்திடம், எத்தனை நாள் ஆனால் வருவான் என்று கேட்டேன். "சிலர் வர ரொம்ப நாள் ஆகும்மா" என்றார்கள். வராமலே போகிறவர்களும் உண்டா என்று கேட்டேன். அதற்கு அவர்கள் பொய் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"அன்னிக்கே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவன அடிச்சேனேம்மே. அடிக்கும்போது நீ அங்கதான நின்னுக்கினு இருந்த."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. கை காயும்வரை உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் டீ கிளாஸோடு உன் அறை வாசலில் வந்து நின்றாரே, அது எதற்கென்று உனக்குத் தெரிந்திருக்காது. மன்னிப்புக் கேட்க வந்தார். நீ கிளாஸை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாய். அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். இப்போது அவர் என்னோடும் பேசுவதில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறார், வருகிறார்.

புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அம்மா என்பதால் எழுதிவிடுகிறேன். ஓசூரிலும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கும், அதிலும் இப்படி ஒரு அறை இருக்கும். புது இடம், புது வேலை, தெரியாத முகங்கள், இதெல்லாம் ஆளை எப்படி அசைக்கும் என்று நீ ஒரு தடவை பார்த்துவிட்டாய். தூக்கம் போனால் அன்றைக்கே சீட்டு வாங்கிவிடு, நாலு மாதம் கல் மேல் உட்கார்ந்திராதே. உள்ளே போய்ப் பேச வரவில்லை என்றால் பேசாமலே உட்கார்ந்திருந்துவிட்டு வா. மாத்திரை கொடுத்தால் அவர்கள் சொல்கிறவரை நிறுத்தாதே, ஆஸ்டலில் எவன் சிரித்தாலும் நிறுத்தாதே. எனக்கு எதையும் சொல்ல வேண்டாம். என்னைத் தவிர யாராவது ஒருத்தரிடம் சொன்னால் போதும். நீ போவாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றால், இல்லை. கையிலிருந்த சீட்டைப் பறிகொடுத்த பிள்ளை மறுபடி வரிசையில் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நீ ஒரு தடவை அப்படி நின்று காட்டினாய். அந்தப் பலத்தையும் நான்தான் வீணாக்கினேன்.

நாளைக்கு மத்தியானம் தேவியும் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் சாப்பிட வருகிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று இன்றைக்குக் காலையில் உன் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். இதையும் உன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றுதான் கேட்டேன். உள்ளே இருந்து நீ சொன்னாய்: "சொன்னா உனுக்கு நிம்மதி. சொல்லிக்கோ யம்மா. எனுக்கு இன்னா வரப் போவுது?"

நீ சொன்னது சரிதான். உனக்கு ஒன்றும் வரப் போவதில்லை. போன மூன்று வருஷம் வராது, அந்தப் புதன்கிழமைகள் வராது. எனக்கு நிம்மதி வரும் என்றும் தோன்றவில்லை. தேவி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று தெரியவில்லை. அவள் மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாலும் எழுந்துவிடுவார்கள். ஆனாலும் என் பிள்ளை போதை மாத்திரை போட்டவன் இல்லை, அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அதற்கு அவனே போய் வைத்தியம் பார்த்துக்கொண்டான், அதைக் கெடுத்தவள் நான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். நீ மாடியில் இருப்பாய். சத்தமாகத்தான் சொல்வேன்.

எழுதினது,
உன் அம்மா